பழைய பெரிய மோட்டார் குரூசர் வாங்குவது: அனுபவம் குறைந்தவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தென் இங்கிலாந்தில், பெருநிலத்துக்கும் ஐல் ஆஃப் வைட் தீவுக்கும் இடையே கிடக்கும் சோலண்ட் நீர்ப்பரப்பில், என் மனைவியும் நானும் முதலில் 7 மீட்டர் படகு ஒன்றை ஓட்டினோம். பிறகு 11.5 மீட்டர் நீளமுள்ள, தங்கும் அறைகளும் மேல்தளத்தில் ஓட்டுமிடமும் கொண்ட பழைய ஃப்ளைபிரிட்ஜ் மோட்டார் குரூசர் ஒன்றை வாங்கி இன்றுவரை வைத்திருக்கிறோம். அதே வழியில் வர விரும்பும் நண்பர்களும் உறவினர்களும் எங்களிடம் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். சட்டம், வரி, காகிதங்கள் பற்றிய விடைகள் எல்லாம் பிரிட்டனுக்கே பொருந்தும். படகின் முன்முனையை நம் கரையோர மீனவர்கள் அணியம் என்பார்கள். நானும் அந்தச் சொல்லையே எழுதுகிறேன்.

சிறிய படகை இரண்டு கோடை ஓட்டியிருக்கிறேன். நேராக 12 மீட்டருக்குப் போகலாமா?

போகலாம், ஆனால் எது மாறுகிறது என்பதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். 7 மீட்டர் படகு ஏறத்தாழ 2 டன் இருக்கும். படகு கட்டும் மேடையில் இடிக்கப் போகிறது என்றால் காலால் தள்ளி விலக்கிவிடலாம். 12 மீட்டர் படகு 9, 10 டன் இருக்கும். அதைக் காலால் தடுக்கப் பார்த்தால் படகு நிற்காது, கால்தான் முறியும். இரண்டாவது மாற்றம் காற்று. ஃப்ளைபிரிட்ஜ் படகு நீருக்குமேல் ஒரு மாடி வீட்டைப் போல நிற்கும். நீருக்குள் அது இறங்கியிருப்பதோ ஒரு மீட்டர் அளவுதான். அதனால் மெதுவாகப் போகும்போது பக்கக் காற்று அணியத்தை இழுத்துக்கொண்டு போய்விடும்.

திறந்த கடலில் பெரிய படகு சிறியதைவிடச் சுகமானது, சிறு அலைகளுக்கு அசையாதது. அருகருகே இரண்டு எஞ்சின் உள்ள படகில் ஒன்றை முன்னோக்கியும் மற்றொன்றை பின்னோக்கியும் கொடுத்தால், படகு நின்ற இடத்திலேயே திரும்பும். ஒற்றை எஞ்சின் சிறிய படகில் அது நடக்காது. ஆகவே தொல்லை முழுவதும் மரினா எனப்படும் படகுத்துறைக்குள் வரும் கடைசி 30 மீட்டரில்தான் இருக்கிறது. வாங்கும் அளவைத் தீர்மானிக்க வேண்டியதும் அந்த 30 மீட்டர்தான்: காற்று வீசும் ஒரு மாலையில், வேறு யாருடைய உதவியும் இல்லாமல், வழக்கமாக உடன்வரும் ஒருவரோடு மட்டும் நீங்கள் மேடையில் கட்டி நிறுத்திவிடக்கூடிய படகு எவ்வளவு பெரியது? இருவர் மட்டுமே உள்ள குடும்பத்துக்கு 10 முதல் 11.5 மீட்டர் வரை போதும் என்பது என் முடிவு. மூன்றாவது படுக்கையறைக்காக இன்னும் இரண்டு மீட்டர் கூட்டுகிறவர்கள், அந்த அறையில் விருந்தினர் ஆண்டுக்கு எத்தனை இரவு தூங்குவார்கள் என்று எண்ணிப் பார்க்கட்டும்.

உரிமம் எதுவும் வேண்டாமா?

பிரிட்டனின் கடற்பகுதியில் சொந்த உல்லாசப் படகை ஓட்டச் சட்டம் எந்தச் சான்றிதழையும் கேட்பதில்லை. இதைச் சலுகையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆர்.ஒய்.ஏ. எனப்படும் பிரிட்டனின் தேசியப் படகோட்ட அமைப்பின் பயிற்சிப் பள்ளிகளில் மோட்டார் குரூசரை ஓட்டக் கற்றுத்தரும் ஹெல்ம்ஸ்மன் பயிற்சி 2 நாள், பகல் பயணத்தில் படகுக்குத் தலைமை ஏற்கக் கற்றுத்தரும் டே ஸ்கிப்பர் செய்முறைப் பயிற்சி 4 நாள். ஓதம் எனப்படும் கடல்நீரின் ஏற்ற இறக்கம், வரைபடம், திசைகாட்டிக் கணக்கு ஆகியவற்றுக்கான டே ஸ்கிப்பர் கோட்பாட்டு வகுப்பை அதற்கு முந்தைய குளிர்காலத்திலேயே முடித்துவிடுவது நல்லது. கடலில் பேச உதவும் வி.எச்.எஃப். ரேடியோவைப் பயன்படுத்த மட்டும் சான்றிதழ் கட்டாயம். அதற்கு ஒரு நாள் படிப்பு இருக்கிறது. பிரான்ஸ் போன்ற நாடுகளுக்குப் போக நினைத்தால் ஐ.சி.சி. எனப்படும் சர்வதேசத் தகுதிச் சான்றிதழையும் வாங்கி வையுங்கள். பயணத்துக்குமுன் வானிலை, ஓதம், படகின் வரம்பு ஆகியவற்றைப் பார்த்துத் திட்டமிட வேண்டும் என்ற, கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சோலாஸ் சர்வதேச உடன்படிக்கையின் ஐந்தாம் அத்தியாய விதி உல்லாசப் படகுகளுக்கும் உண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை.

பயிற்சியைப் படகு வாங்குவதற்கு முன்பே தொடங்குங்கள். பள்ளியின் படகில் நான்கு நாள் இருந்தால், உங்களுக்கு எந்த வகைப் படகு வேண்டாம் என்பதாவது தெளிவாகிவிடும்.

டீசலா, பெட்ரோலா? ஷாஃப்டா, ஸ்டெர்ன்டிரைவா?

இந்த அளவில் டீசல்தான். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் பில்ஜ் எனப்படும் அடிப்பள்ளத்தில் போய்த் தேங்கி, ஒரு தீப்பொறிக்காகக் காத்திருக்கும். மேலும் கடலோர மரினாக்கள் பலவற்றில் டீசல் மட்டுமே கிடைக்கும்.

ஸ்டெர்ன்டிரைவ் என்பது எஞ்சினைப் படகின் பின்சுவரை ஒட்டி வைத்து, ப்ரொபெல்லர் காலை வெளியே தொங்கவிடும் அமைப்பு. இடம் மிச்சமாகும், வேகம் கூடும், எரிபொருள் சற்றுக் குறையும். ஆனால் அந்தக் காலும் அதன் மடிப்பு ரப்பர் உறையான பெல்லோஸும் எப்போதும் உப்புநீரிலேயே கிடக்கின்றன. பெல்லோஸை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது வழக்கம். அது கிழிந்தால் படகுக்குள் நீர் ஏறும். ஷாஃப்ட் அமைப்பில் எஞ்சின் நடுவில் உட்கார்ந்து, நேரான தண்டு ஒன்றைச் சுழற்றுகிறது. பராமரிப்பு குறைவு, எஞ்சின்கள் ஒன்றுக்கொன்று விலகி இருப்பதால் மெதுவான வேகத்தில் திருப்புவது எளிது. முதல் பெரிய படகுக்கு இரட்டை டீசல், ஷாஃப்ட் என்றே யாரிடமும் சொல்லி வருகிறேன். ஸ்டெர்ன்டிரைவ் உள்ள நல்ல படகு கிடைத்தால் தள்ளிவிட வேண்டும் என்பதில்லை. இரண்டு கால்களின் பராமரிப்புச் செலவையும் கணக்கில் எழுதிக்கொண்டு வாங்குங்கள்.

எரிபொருள் எவ்வளவு குடிக்கும்?

டீசல் எஞ்சின் முழு விசையில் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு ஏறத்தாழ 0.2 லிட்டர் எரிக்கும். இரண்டு 300 குதிரைத்திறன் எஞ்சின் என்றால் முழு விசையில் மணிக்கு 120 லிட்டர். விசையைச் சற்றுத் தணித்து 20 நாட், அதாவது மணிக்கு 20 கடல் மைல், வேகத்தில் ஓடினால் 90 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடல் மைலுக்கு 4.5 லிட்டர் ஆகிறது. ஐல் ஆஃப் வைட்டின் மேற்கு முனையில் உள்ள நீடில்ஸ் பாறைகளிலிருந்து பிரான்ஸின் செர்பூர் துறைமுகம் ஏறத்தாழ 60 கடல் மைல். போவதற்கு மட்டும் 270 லிட்டர்.

நீர்மட்டத்தில் அளந்தால் 11 மீட்டர் நீளம் உள்ள படகு, எழும்பி வழுக்காமல் நீரைக் கிழித்தபடியே போகக்கூடிய எல்லை சுமார் 8 நாட். அதற்குச் சற்றுக் கீழே 7 நாட் வேகத்தில் போனால் அதே படகின் செலவு பாதிக்கும் கீழே இறங்கிவிடும். எங்கள் பயணங்களில் பெரும்பகுதி அந்த வேகத்தில்தான். தேநீர் சிந்தாமல் குடிக்கலாம் என்பது கூடுதல் பலன்.

கையில் உள்ள பணம் முழுவதற்கும் படகு வாங்கலாமா?

கூடாது. ஐந்தில் ஒரு பங்கையாவது தனியே ஒதுக்கி வையுங்கள். கையில் 1,00,000 பவுண்டு இருந்தால், 80,000 பவுண்டுக்கு மேல் உள்ள படகுகளைப் பார்க்கவே போகாதீர்கள். யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் கடன் கேட்கும் நிலைமை முதல் குளிர்காலத்திலேயே வந்துவிடும்.

ஆண்டுச் செலவு படகின் விலையில் பத்தில் ஒரு பங்கு என்று வழக்கமாகச் சொல்வார்கள். பழைய பெரிய படகில் அந்தக் கணக்கு ஏமாற்றும். புதிதாக 4,00,000 பவுண்டுக்கு விற்ற படகு இருபது ஆண்டில் 80,000 பவுண்டுக்கு இறங்கலாம். அதன் எஞ்சினைக் குளிர்விக்கும் ஹீட் எக்ஸ்சேஞ்சரின் விலையும் சர்வீஸ் செய்பவரின் மணிக்கூலியும் இறங்குவதில்லை. படகு எந்த விலைக்கு விற்றாலும், அதைப் பேணுகிற செலவு அது புதிதாக இருந்த விலையையே பின்தொடர்கிறது. எஞ்சின் இரண்டு என்பதால் எண்ணெய், ஃபில்டர், குளிர்விக்கும் நீரை இறைக்கும் ரப்பர் சக்கரமான இம்பெல்லர் எல்லாம் இரட்டிப்பு. ஆண்டுதோறும் படகை நீரிலிருந்து தூக்கி, அடிப்பாகத்தைக் கழுவி, பாசி எதிர்ப்பு வண்ணம் பூசி, மற்ற உலோகங்களுக்குப் பதிலாகத் தாம் அரிபடும் துத்தநாக ஆனோடுகளை மாற்ற வேண்டும்.

மரினா வாடகை மீட்டர் கணக்கில் வரும். அங்கே அளப்பது விளம்பரத்தில் போட்டிருக்கும் நீளத்தை அல்ல. அணியத்து நங்கூரத்திலிருந்து பின்புறக் குளியல் மேடை வரை உள்ள முழு நீளத்தை. 38 அடி என்று பெயரில் இருக்கும் படகு அளந்தால் 12 மீட்டரைத் தாண்டலாம். படகைத் தேர்ந்தெடுக்குமுன் அதற்கு இடம் கிடைக்குமா, என்ன வாடகை என்று மரினாவில் விசாரித்துவிடுங்கள்.

படகைச் சோதித்து அறிக்கை தரும் சர்வேயரை அழைப்பதற்குமுன் நானே எதைப் பார்க்கலாம்?

நிறையப் பார்க்கலாம். இதற்கு இரண்டு மணி நேரமும் ஒரு நல்ல டார்ச்சும் பழைய உடையும் வேண்டும். நீங்கள் வரும்போது எஞ்சினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் எஞ்சின்மேல் கையை வைத்துப் பாருங்கள். குளிர்ந்த டீசல் எஞ்சின் எப்படிக் கிளம்புகிறது என்பதைச் சூடான எஞ்சின் மறைத்துவிடும். கிளம்பும்போது சற்றுப் புகை வரும். சில நிமிடங்களில் அடங்க வேண்டும். அடங்காத நீலப் புகை எண்ணெய் எரிவதைக் காட்டும். விசை கொடுக்கும்போது திரளும் கரும்புகை, எஞ்சினுக்குக் காற்று போதவில்லை அல்லது சுமை மிகுதி என்று சொல்லும்.

பிறகு எஞ்சின் அறையில் இறங்கி, குழாய்களின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். மேற்பக்கத்தைத்தான் விற்பவர் துடைத்து வைத்திருப்பார். உப்பு வெள்ளையாகப் பூத்திருக்கும் இடம் கடல்நீர் கசிந்த இடம். படகின் அடிப்பாகத்தைத் துளைத்து நிற்கும் சீகாக் வால்வுகள் ஒவ்வொன்றையும் திறந்து மூட முயலுங்கள், இறுகிப்போயிருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். நாங்கள் இரண்டாவதாகப் பார்த்த ஒரு படகு மின்னும் மரவேலையும் புதிய மெத்தைகளுமாக ஒரு விடுதியைப் போல இருந்தது. கழிப்பறைக்குப் பின்னால் இருந்த சீகாக்கின் கழுத்தில் படிந்திருந்த பச்சைப் பூச்சை நகத்தால் சுரண்டினேன். அடியில் பித்தளை மஞ்சளாக இல்லை, இளஞ்சிவப்பாக இருந்தது. துத்தநாகம் கரைந்து போய் உலோகம் கடற்பஞ்சைப் போல் ஆகிவிட்டதன் நிறம் அது. உள்ளங்கைக்குள் அடங்கும் அந்த வால்வு உடைந்தால் 10 டன் படகும் நீருக்குள் போகும். வால்வை மாற்றுவது பெரிய செலவில்லை. கண்ணில் படும் இடங்களில் எல்லாம் பணத்தைக் கொட்டி, கண்ணில் படாத இதை விட்டிருந்த மனப்போக்குதான் எங்களை அந்தப் படகிலிருந்து இறங்க வைத்தது.

படுக்கைகளைத் தூக்கிப் பாருங்கள். ஜன்னல்களின் கீழ் மூலைகளில் மரம் கறுத்திருக்கிறதா என்று பாருங்கள். மேல்தளத்தில் வெறுங்காலோடு நடந்தால் அடியில் ஊறிப்போன இடம் மெத்தென்று தெரியும். மூக்கையும் நம்புங்கள்: டீசல், கழிவுத்தொட்டி, ஈரம் மூன்றுக்கும் தனித்தனி வாடை உண்டு.

எஞ்சின் ஓடிய மணி நேரம் குறைவாக இருப்பதைப் பெருமையாகச் சொல்வார்கள். இருபது ஆண்டில் 400 மணி நேரம் என்றால் ஆண்டுக்கு 20 மணி நேரம். மீதி நாளெல்லாம் அது உப்புக் காற்றில் சும்மா நின்றிருக்கிறது. ஒழுங்காக ஓடி, ஒவ்வோர் ஆண்டும் சர்வீஸ் ரசீதோடு வரும் 1,200 மணி நேர எஞ்சினையே நான் எடுப்பேன்.

சர்வேயர் கட்டாயமா?

கட்டாயம். அவரை நீங்களே தேடிப் பிடியுங்கள். விற்பவரோ புரோக்கரோ கைகாட்டும் ஒருவரோடு நின்றுவிடாதீர்கள். தொழில்முறை அமைப்பில் உறுப்பினரா, தொழில் பொறுப்புக் காப்பீடு இருக்கிறதா என்று கேளுங்கள். படகை நீரிலிருந்து தூக்கி, சிறு சுத்தியலால் அடிப்பாகம் முழுவதையும் தட்டிக் கேட்டு, ஈரமானியால் ஃபைபரின் ஈரத்தை அளப்பார். ஆஸ்மோசிஸ் எனப்படும் கொப்புளங்கள் தெரிந்தால் பயந்து ஓட வேண்டாம். அதனால் படகு மூழ்குவது அரிது. சரிசெய்யும் செலவு அதிகம் என்பதால் அது விலையைப் பேச வேண்டிய விஷயம்.

ஒன்றைக் கவனமாகக் கேளுங்கள்: வழக்கமான சர்வேயில் எஞ்சின் அடங்காது. எஞ்சினுக்குத் தனியாக அந்த வகை எஞ்சினை அறிந்த மெக்கானிக் ஒருவரைக் கொண்டு சோதித்து, எண்ணெய் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். நாங்கள் இதைச் செய்யவில்லை. சர்வே அறிக்கை நன்றாக வந்த மகிழ்ச்சியில், எஞ்சின் ஒழுங்காகச் சர்வீஸ் ஆனது என்ற விற்பவரின் வாய்ச்சொல்லை ஏற்றுக்கொண்டோம். முதல் ஆகஸ்ட் மாதத்திலேயே வலப்பக்க எஞ்சினில், உள்ளே போகும் காற்றைக் குளிர்விக்கும் ஆஃப்டர்கூலர் அரித்து ஓட்டையாகி, கடல்நீர் காற்றுப் பாதைக்குள் கசிந்தது தெரிந்தது. எஞ்சின் சோதனைக்குச் செலவாகியிருக்கக்கூடிய தொகையைப்போல் பல மடங்கை அதற்குக் கொடுத்தோம். அந்தக் கோடையையும் இழந்தோம்.

கடலோட்டச் சோதனையில் எதைக் கவனிக்க வேண்டும்?

சூடான பிறகு முழு விசையில் சில நிமிடங்கள் ஓட்டச் சொல்லுங்கள். எஞ்சின் தகட்டில் குறித்த உச்சச் சுழற்சியை இரண்டு எஞ்சின்களும் எட்ட வேண்டும். 200, 300 சுழற்சி குறைந்தால் அடிப்பாகத்தில் பாசி, பொருந்தாத ப்ரொபெல்லர், தேய்ந்த எஞ்சின் ஆகியவற்றில் ஒன்று காரணமாக இருக்கும். வெப்பமானி ஏறிக்கொண்டே போகாமல் ஓரிடத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். பெரிய படகுகளின் கூலிங் கோளாறுகள் மெதுவாகப் போகும்போது வெளியே வருவதே இல்லை. திரும்பி வந்ததும் ஷாஃப்ட் நுழையும் இடத்தையும் பில்ஜையும் இன்னொரு முறை பாருங்கள்.

எந்தக் காகிதங்களைக் கேட்டு வாங்க வேண்டும்?

முதல் விற்பனையிலிருந்து இன்றுவரை யார் யாருக்கு விற்றார் என்ற விற்பனைப் பத்திரங்களின் தொடர் வேண்டும். எஸ்.எஸ்.ஆர். எனப்படும் சிறு கப்பல் பதிவேட்டின் அட்டையை உரிமைச் சான்றாகக் காட்டுவார்கள். அது படகின் நாட்டைக் காட்டுமே தவிர உடைமையை நிரூபிக்காது. படகு பிரிட்டிஷ் கப்பல் பதிவேட்டின் முதல் பகுதியில் இருந்தால் அதன் உடைமை 64 பங்குகளாக எழுதப்பட்டிருக்கும். அடமானம் ஏதும் பதிவாகியிருக்கிறதா என்றும் அங்கே கேட்டுப் பார்க்கலாம்.

மதிப்புக்கூட்டு வரி கட்டிய முதல் விலைப்பட்டியலின் மூலப்பிரதி முக்கியம். பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தின் வரி எல்லையை விட்டு விலகிய 2020 டிசம்பர் 31 அன்று இரவு படகு எந்த நாட்டில் கிடந்தது என்பதற்கும் சான்று கேளுங்கள். படகின் வரி நிலைமை அதைப் பொறுத்து மாறும், விற்கும்போது உங்களிடமும் இதையே கேட்பார்கள். 1998 ஜூன் 16க்குப் பிறகு ஐரோப்பியச் சந்தைக்கு வந்த படகு என்றால் உல்லாசப் படகு நெறிமுறைப்படி இணக்கச் சான்று இருக்க வேண்டும். பின்சுவரின் வலப்பக்கத்தில் பொறித்திருக்கும் 14 எழுத்துகள் கொண்ட அடையாள எண்ணைப் பத்திரங்களில் உள்ள எண்ணோடு நீங்களே ஒப்பிடுங்கள். அதன் கடைசி நான்கு இடங்கள் கட்டிய மாதத்தையும் ஆண்டையும் காட்டும்.

முன்பணம் எப்போது கொடுப்பது?

எழுத்துமூல ஒப்பந்தம் கையில் வந்த பிறகு. விலையில் 10 சதவீதம் வழக்கம். சர்வேயும் கடலோட்டமும் திருப்தியாக இருந்தால்தான் விற்பனை நடக்கும், பெரிய குறை தெரிந்தால் விலகவோ விலையைக் குறைக்கக் கேட்கவோ இத்தனை நாள் அவகாசம் உண்டு, விலகினால் முன்பணம் திரும்ப வரும் என்பவை அதில் எழுதப்பட்டிருக்க வேண்டும். புரோக்கர் எவ்வளவு அன்பாகப் பழகினாலும் அவர் விற்பவருக்காக வேலை செய்பவர். உங்கள் பணம் அவருடைய சொந்தக் கணக்கில் அல்லாமல், வாடிக்கையாளர் பணத்துக்கான தனிக் கணக்கில் போகிறதா என்று கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. இன்னொருவர் நாளை வருகிறார் என்று அவசரப்படுத்தினால், வரட்டும் என்று விட்டுவிடுங்கள்.

காப்பீடு கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் விலை பேசி முடிப்பதற்கு முன்பே கேளுங்கள். வயதான படகுக்குப் புதிய சர்வே அறிக்கையும், அதில் அவசரம் என்று குறித்த வேலைகள் முடிந்ததற்கு ஆதாரமும் கேட்பார்கள். உங்கள் அனுபவம் குறைவென்றால், முதல் சில பயணங்களுக்குத் தகுதியுள்ள ஒருவர் உடன் இருக்க வேண்டும் என்று நிபந்தனை வைக்கலாம். அதை அவமானமாக நினைக்காதீர்கள், நல்லதற்குத்தான்.

படகை மேடையில் கட்டும்போது பதற்றமாக இருக்கிறது. மனைவி பயந்து, இனி வரமாட்டேன் என்கிறார். என்ன செய்வது?

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்காதவர்கள் குறைவு. பெரும்பாலும் படகு ஓட்டுகிறவர் கணவராகவும், கையில் கயிறோடு அணியத்திலிருந்து மேடைக்குக் குதிக்கிறவர் மனைவியாகவும் இருக்கிறார். ஆபத்தான வேலை யாருக்கு வந்தது என்று பாருங்கள். யாரும் குதிக்கக் கூடாது என்பதை முதல் விதியாக வையுங்கள். படகின் நடுப்பகுதிக் கட்டையிலிருந்து ஒரே ஒரு கயிற்றை மேடையில் உள்ள கொக்கியில் வளையமாக மாட்டி, திரும்ப எடுத்துப் படகிலேயே கட்டிவிட்டு, மேடைக்கு எதிர்ப்புறமாகச் சுக்கானைத் திருப்பி, மெல்ல முன்விசை கொடுத்தால் படகு தானாகவே மேடையை ஒட்டி நிற்கும். மற்றக் கயிறுகளை நிதானமாக இறங்கிக் கட்டலாம். இதைக் கற்றுக்கொண்ட நாள்தான் எங்கள் வீட்டில் படகைப் பற்றிய சண்டை நின்ற நாள்.

வரும்போது எப்போதும் காற்று, நீரோட்டம் இரண்டில் வலுவானதை எதிர்த்து வாருங்கள். விசையைக் கொடுப்பதும் எடுப்பதுமாக, நடக்கிற வேகத்திலும் பாதியாக வாருங்கள். சரியாக அமையவில்லை என்றால் வெட்கப்படாமல் வெளியே போய் மறுபடி வாருங்கள். உங்கள் சொந்தப் படகிலேயே வந்து கற்றுக்கொடுக்கும் பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள். இரண்டு நாள் அழைத்து, இருவரும் ஆளுக்குச் சரிபாதி நேரம் ஓட்டுங்கள். மனைவி சக்கரத்தைப் பிடித்துப் படகைக் கட்டத் தெரிந்திருந்தால், கணவருக்கு நடுக்கடலில் நெஞ்சுவலி வந்தாலும் வீடு திரும்பலாம்.

முதல் கோடையில் எங்கெல்லாம் போகலாம்?

சோலண்டில் இருப்பவர்களுக்கு அதற்குள்ளேயே ஒரு கோடை போதாது. ஹேம்பிள் ஆற்றில் 6 நாட் வேக வரம்பு. அங்கே மெதுவாக ஓட்டிப் பழகலாம். கௌஸ், யார்மத், பியூலி ஆறு எல்லாம் அரை நாள் தூரத்துக்குள் இருக்கின்றன. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வரும் பெரிய ஓதத்தில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஏறத்தாழ 4 மீட்டர் வரை வேறுபாடு வரும் என்பதை மறக்காதீர்கள். நடுவில் இருக்கும் பிராம்பிள் திட்டு தாழ்ந்த ஓதத்தில் வெளியே தெரியும். ஆண்டுக்கு ஒருமுறை அதன்மேல் கிரிக்கெட் ஆடுவார்கள். அதே திட்டு அரை ஓதத்தில் கண்ணுக்குத் தெரியாமல் ப்ரொபெல்லருக்காகக் காத்திருக்கும். சவுத்தாம்ப்டனுக்கு வரும் 150 மீட்டருக்கு மேற்பட்ட கப்பல்களுக்கு முன்னே 1,000 மீட்டரும் பக்கங்களில் 100 மீட்டரும் உங்களுக்குத் தடை செய்யப்பட்ட பகுதி. ரேடியோவில் சேனல் 12ஐக் கேட்டுக்கொண்டே இருந்தால் அவை எப்போது வருகின்றன என்று தெரியும். போர்ட்ஸ்மத் துறைமுகத்தின் வாயிலில் சிறிய படகுகளுக்கென்று தனிப் பாதை உண்டு, அதில்தான் போக வேண்டும்.

மேற்கே ஹர்ஸ்ட் முனையின் இடுக்கில் நீரோட்டம் 4 நாட் வேகத்துக்கும் மேல் ஓடும். அதற்கு எதிராகத் தென்மேற்குக் காற்று வீசும் நாளில் அங்கே எழும் அலைகளைக் கரையிலிருந்து ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள். செர்பூரை இரண்டாம் கோடைக்கு வையுங்கள். அதற்குள் எந்த எஞ்சினில் எந்த ஃபில்டர் எங்கே இருக்கிறது, அலையில் ஆடும்போது இம்பெல்லரை மாற்ற எந்த ஸ்பேனர் வேண்டும் என்பது கைக்குப் பழகியிருக்கும்.